கையெழுத்து வாங்கினால் ஒழுக்கம் வருமா? ஹார்வர்டின் ஒன்பது ஆண்டுகள்

2011 ஆகஸ்ட் கடைசியில் ஹார்வர்ட் கல்லூரிக்கு வந்து சேர்ந்த முதலாண்டு மாணவர்களிடம் ஓர் உறுதிமொழித் தாள் நீட்டப்பட்டது. விடுதியில் அவர்களோடு தங்கி மேற்பார்வை பார்க்கும் ப்ராக்டர்கள் அதைக் கொண்டுவந்தார்கள். நேர்மையோடும் மரியாதையோடும் உழைப்போடும் நடந்துகொள்வோம், யாரையும் ஒதுக்காத சமூகமாக இருப்போம் என்று போகும் அந்த வாசகம், இங்கே அறிவுச் சாதனைக்கு என்ன இடமோ அதே இடம் அன்பு காட்டுவதற்கும் உண்டு என்று முடியும். ஒவ்வொருவர் பெயரும் அச்சாகி, பக்கத்தில் கையெழுத்துக்கு இடம் விடப்பட்டிருந்தது. அந்தத் தாளை விடுதி நுழைவாயிலில் மாட்டிவைப்பதாக ஏற்பாடு.

கட்டாயமில்லை என்றார்கள். சரி, கட்டாயமில்லை. ஆனால் வாசலில் தொங்கும் பட்டியலில் ஒரே ஒரு பெயருக்கு நேரே மட்டும் வெற்றிடம் இருந்தால் போகிறவர் வருகிறவர் என்ன நினைப்பார்கள்? வந்து ஒரு வாரம்கூட ஆகாத பதினெட்டு வயதுப் பிள்ளை, பக்கத்து அறைக்காரர்களின் பெயரே இன்னும் மனதில் பதியாத நிலையில், "நான் போட மாட்டேன்" என்று சொல்லிவிட முடியுமா?

1636இல் தொடங்கிய கல்லூரி அது. அதன் வரலாற்றில் முதலாண்டு மாணவர்களிடம் இப்படிக் கையெழுத்துக் கேட்டது அதுவே முதல் முறை என்று அப்போது செய்தி வந்தது. அடுத்த ஒன்பது ஆண்டுகளில் அதே வளாகத்தில் ஒரு பெரிய காப்பியடிப்பு விவகாரம், ஒரு மின்னஞ்சல் சோதனை, ஒரு நேர்மை விதித்தொகுப்பு, சங்கங்கள் மீது ஒரு தடை, அந்தத் தடையின் வாபஸ் என்று வரிசையாக நடந்தன. பல்கலைக்கழகம் மாணவருக்கு ஒழுக்கம் சொல்லலாமா என்ற கேள்வியை மேடைப் பேச்சாக வைத்துக்கொண்டால் இரு பக்கமும் நன்றாகப் பேசலாம். இந்த ஒன்பது ஆண்டுகளை வைத்துப் பார்த்தால் கேள்வி கொஞ்சம் மாறுகிறது: எதைப் பற்றிச் சொல்கிறது, சொல்கிறபோது தானும் அதற்குக் கட்டுப்படுகிறதா?

பெற்றோர் ஸ்தானம் போன கதை

அமெரிக்கக் கல்லூரிகள் ஒழுக்கம் சொல்லத் தயங்கிய காலம் ரொம்பப் பழையதல்ல. கென்டக்கி மாநிலத்தில் பெரியா கல்லூரி, தன் மாணவர்கள் வெளியே உள்ள சாப்பாட்டுக் கடைகளுக்குப் போகக்கூடாது என்று விதி போட்டது. கல்லூரிக்கு எதிரே கடை வைத்திருந்தவர் வியாபாரம் போச்சே என்று வழக்குப் போட்டார். 1913இல் நீதிமன்றம் கல்லூரி பக்கம் நின்றது. மாணவரின் உடல்நலம், ஒழுக்கம், படிப்பு மூன்றிலும் கல்லூரி பெற்றோர் ஸ்தானத்தில் இருக்கிறது, நல்ல அப்பா எந்த விதி போடுவாரோ அதைக் கல்லூரியும் போடலாம் என்பது தீர்ப்பின் சாரம். மாணவர் எந்தக் கடையில் சாப்பிடுகிறார் என்பதுகூட அப்போது ஒழுக்க விஷயம்.

அந்த ஸ்தானத்தை அசைத்தது 1961இல் வந்த டிக்சன் வழக்கு. அலபாமா மாநிலக் கல்லூரியின் கறுப்பின மாணவர்கள் 1960இல் மான்ட்கோமரியில் வெள்ளையருக்கு மட்டுமான உணவகத்தில் போய் உட்கார்ந்து போராடினார்கள். விசாரணையே இல்லாமல் கல்லூரி அவர்களை வெளியேற்றியது. அரசுக் கல்லூரி, காரணம் சொல்லாமல், மாணவர் தரப்பைக் கேட்காமல் வெளியேற்ற முடியாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அங்கே யாருடைய ஒழுக்கம் சரியாக இருந்தது, யார் யாருக்கு வழிகாட்டியிருக்க வேண்டும் என்று யோசித்துப் பார்த்தால், கல்லூரி சொல்வதே ஒழுக்கம் என்று நம்புகிறவர்களுக்குச் சங்கடமாக இருக்கும். அதன்பின் இருபது ஆண்டுகளுக்குள் இரவு நேரக் கட்டுப்பாடு, விடுதிக்குள் எதிர்பாலினர் வரும் நேரக் கணக்கு எல்லாம் நாடு முழுக்கத் தளர்ந்தன.

ஹார்வர்ட் தனியார் கல்லூரி. அங்கே காலைப் பிரார்த்தனைக்குக் கட்டாயமாக வர வேண்டும் என்ற விதி 1886லேயே போய்விட்டது. 1970களின் கடைசியில் பாடத்திட்டத்தை மாற்றி அமைத்தபோது 'ஒழுக்கச் சிந்தனை' என்று ஒரு பிரிவைக் கொண்டுவந்து, அதிலிருந்து ஒரு பாடம் எல்லோரும் படிக்க வேண்டும் என்றார்கள். அந்தப் பிரிவில் பேர் வாங்கியது மைக்கேல் சேண்டலின் நீதி பற்றிய பாடம். பிரேக் பிடிக்காமல் ஓடிவரும் டிராமில் தொடங்குவார். ஐந்து பேரைக் காப்பாற்ற ஒருவரைச் சாகவிடலாமா என்று கேட்டுவிட்டு, சாண்டர்ஸ் அரங்கில் நிரம்பி வழியும் மாணவர்களைக் கையைத் தூக்கச் சொல்வார். தூக்கியவரிடம் ஏன் என்று கேட்பார், பதில் வந்ததும் எதிர்ப்பக்கத்தில் ஒருவரை எழுப்பிவிடுவார். எது சரி என்று மட்டும் சொல்லமாட்டார்.

இதற்கு நேர் எதிர்க் கோடியில், 1997இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் புது மாணவர்களிடம் பேசிய அரசியல் அறிவியல் பேராசிரியர் ஜான் மியர்ஷைமர், இங்கே உங்களுக்கு ஒழுக்க வழிகாட்டல் கிடைக்காது, அது எங்கள் வேலையே இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். அதிலும் ஒரு விதிவிலக்கை அவரே வைத்தார்: காப்பியடிப்பதும் ஆய்வில் பொய் சொல்வதும் கூடாது. அந்த விதிவிலக்கு முக்கியம். ஹார்வர்டில் நடந்தவற்றில் உருப்படியாக நின்றது அதற்குள் அடங்குவது மட்டும்தான்.

நினைப்பதற்கு உறுதிமொழி

உறுதிமொழித் தாளை முதலில் கேள்வி கேட்டவர் ஹாரி லூயிஸ். கணினி அறிவியல் பேராசிரியர், 1995 முதல் 2003 வரை அதே கல்லூரியின் டீன். அன்பு வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. காப்பியடிக்காதே, திருடாதே என்பது செயலைப் பற்றியது. அன்பும் அறிவும் சமம் என்பது ஒரு கருத்து. இப்படி நடந்துகொள் என்று சொல்வதை விட்டு இப்படி நினை என்று கையெழுத்துக் கேட்பதுதான் அவருக்கு உறுத்தியது. அப்புறம் அதை வாசலில் மாட்டுவது: தனியே யோசித்து எடுக்க வேண்டிய முடிவு எல்லோர் முன்னாலும் வரவேண்டியதாகிவிடுகிறது.

எனக்கும் இதில் அவர் பக்கமே சரியாகப் படுகிறது. அன்பும் அறிவும் சமமா என்பது அரை நாள் உட்கார்ந்து வாதாடத் தக்க கேள்வி. உண்மையைச் சொன்னால் நண்பனின் மனம் புண்படும் என்றால் எதை விடுவது? சேண்டலின் வகுப்பில் இதையே போட்டிருந்தால் பாதிப் பேர் கை ஒரு பக்கமும் மீதிக் கை மறுபக்கமும் எழுந்திருக்கும். பல்கலைக்கழகம் என்ற இடம் இருப்பதே அந்த வாதத்துக்காக. வாதத்தை நடத்தாமல், வந்திறங்கிய முதல் வாரத்திலேயே விடையில் கையெழுத்து வாங்குவது குறுக்கு வழி.

எதிர்ப்பு வந்ததும் கல்லூரி பின்வாங்கியது. வாசகம் இருந்தது, பெயர்களும் கையெழுத்தும் காட்சியிலிருந்து போயின.

நம் ஊரில் இரண்டு விதமும் உண்டு என்பதால் வித்தியாசம் நமக்கு எளிதில் பிடிபடும். கலைக் கல்லூரிகளில் விழுமியக் கல்வி என்று ஒரு தாள் வருகிறது. தேர்வுக்கு முந்தைய நாள் நோட்ஸ் வாங்கிப் படித்து, 'நேர்மை என்றால் என்ன' என்பதற்குப் பக்கத்தில் இருப்பவனின் தாளைப் பார்த்து எழுதியவர்கள் இருக்கிறார்கள். 2009 யுஜிசி விதிகளுக்குப் பின் ராகிங் செய்யமாட்டேன் என்று மாணவரும் பெற்றோரும் தரும் பிரமாணப் பத்திரம் வேறு ரகம். எது ராகிங், செய்தால் என்ன தண்டனை என்று அது செயலைச் சொல்கிறது. ஜூனியரை மனதார நேசி என்று அது கேட்பதில்லை. அதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்கள்தான் அதிகம், அது தனிக் கதை.

22, 500

உறுதிமொழித் தாள் வந்து ஒரு கல்வியாண்டு முடிவதற்குள், 2012 வசந்தப் பருவத்தில், அமெரிக்க நாடாளுமன்றம் பற்றிய ஓர் அறிமுகப் பாடத்தில் 279 பேர் சேர்ந்திருந்தார்கள். லேசான பாடம், வகுப்புக்கு வராவிட்டாலும் பரவாயில்லை என்று அதற்குப் பேர் உண்டு. கடைசித் தேர்வு அறைக்கு எடுத்துச் சென்று எழுதும் தேர்வு. முகப்பில் இரண்டு விஷயம் இருந்தது. புத்தகம், குறிப்பு, இணையம் எல்லாம் பார்க்கலாம். ஆனால் தேர்வைப் பற்றி வேறு யாரோடும் பேசக்கூடாது.

விடைத்தாள் திருத்திய உதவி ஆசிரியர் சில தாள்கள் ஒன்றுபோல் இருப்பதைக் கவனித்தார். மாணவர் நாளிதழான கிரிம்சன் வெளியிட்ட விவரம் ஒன்று எனக்கு மறக்கவில்லை. 22,500 என்ற எண்ணில், காற்புள்ளிக்குப் பின் தேவையில்லாத ஓர் இடைவெளி. அந்த '22, 500' வெவ்வேறு ஆட்களின் தாளில் அப்படியே இருந்தது. ஒரே புத்தகத்தைப் படித்த இருவருக்கு ஒரே கருத்து வரலாம். ஒரே தட்டச்சுப் பிழை வருவது கஷ்டம்.

கோடை முழுக்க எல்லா விடைத்தாள்களையும் அலசி, பாதி வகுப்பை, கிட்டத்தட்ட 125 பேரை, ஒழுங்கு விசாரணைக்கு அழைத்தார்கள். ஆகஸ்ட் 30 அன்று கல்லூரியே வெளியே சொன்னது. விசாரணை அடுத்த பருவம் முழுக்க இழுத்தது. கடைசியில் ஏறக்குறைய 70 பேர் குறிப்பிட்ட காலம் கல்லூரியை விட்டு விலகியிருக்க வேண்டியதாயிற்று. கூடைப்பந்து அணியின் இணைத் தலைவர்கள்கூடப் போனார்கள்.

இதைத் தலைமுறையே கெட்டுவிட்டது என்று எழுதியவர்கள் நிறைய. மாணவர் தரப்பையும் கேட்க வேண்டும். பருவம் முழுக்கக் குறிப்புகளைப் பகிர்ந்துகொள்வதும் கூட்டாகப் படிப்பதும் அந்தப் பாடத்தில் சகஜமாக இருந்தது. கேள்விகளில் சில புரியவில்லை. உதவி ஆசிரியர்களிடம் போய்க் கேட்டால் அவர்களில் சிலர் விளக்கியும் சொன்னார்கள், ஒரே விளக்கத்தைக் கேட்டவர்கள் ஒரே மாதிரி எழுதினார்கள். 'யாரோடும் பேசாதே' என்ற விதி தாளில் இருந்தது, நடைமுறையில் அதன் எல்லை எங்கே என்பது ஆளுக்கு ஆள் மாறியது.

அதற்காக அந்த 70 பேரும் அப்பாவிகள் என்று நான் சொல்ல வரவில்லை. அடுத்தவர் எழுதியதை வெட்டி ஒட்டியவருக்குத் தான் செய்வது என்னவென்று தெரியும். ஆனால் முந்தைய ஆண்டு ஆகஸ்டில் அன்பைப் பற்றி அவ்வளவு கவனமாக வாசகம் எழுதிய கல்லூரி, ஒரு தேர்வில் எது கூட்டுப் படிப்பு, எது காப்பி என்பதைத் தன் வகுப்புகளில் தெளிவாகச் சொல்லி வைத்திருக்கவில்லை. தேர்வும் விடைத்தாளும் மதிப்பெண்ணும் கல்லூரியின் சொந்த வேலை, அதிலுள்ள நியாயம் வேறு யாரும் வந்து சொல்லித்தர முடியாதது. சொல்ல வேண்டிய இடம் அது.

டீன்களின் அஞ்சல் பெட்டி

இந்த விவகாரத்தில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது தேர்வு இல்லை, அதற்குப் பின்னால் நடந்தது.

ஹார்வர்டில் மேல் வகுப்பு மாணவர் விடுதி ஒவ்வொன்றிலும் ரெசிடென்ட் டீன் ஒருவர் மாணவர்களோடு தங்கியிருப்பார். பிரச்சினை என்றால் முதலில் அவரிடம்தான் போவார்கள். ஒழுங்கு விசாரணைக் குழுவிலும் அவர் உட்காருவார். 2012 ஆகஸ்டில் இந்த டீன்களுக்கு ஓர் அகச் சுற்றறிக்கை போனது. குற்றச்சாட்டில் சிக்கிய விளையாட்டு வீரர்களுக்கு என்ன ஆலோசனை சொல்லலாம் என்பது அதில் இருந்தது. செய்தி வெளியே கசிந்தது.

யார் கசியவிட்டது என்று கண்டுபிடிக்க, நிர்வாகம் 16 ரெசிடென்ட் டீன்களின் மின்னஞ்சல் கணக்குகளில் சத்தமில்லாமல் தேடியது. உள்ளடக்கத்தைப் படிக்கவில்லை, தலைப்பு வரிகளை மட்டுமே பார்த்தோம் என்று பின்னால் விளக்கம் வந்தது. ஒருவர் அந்த அஞ்சலை முன்னனுப்பியிருந்தது தெரிந்தது. கெட்ட எண்ணமில்லாத பிழை என்று முடிவு செய்து அவர்மேல் நடவடிக்கை எடுக்கவில்லை. தேடியதை அவரிடம் மட்டும் சொன்னார்கள். மற்றவர்கள் 2013 மார்ச்சில் பாஸ்டன் குளோப் நாளிதழில் செய்தி வந்த பிறகே தெரிந்துகொண்டார்கள். ஏப்ரலில் ஆசிரியர் கூட்டத்தில் கல்லூரி டீன் எவ்லின் ஹாமண்ட்ஸ், முன்பு சொன்னதற்கு மேல் இன்னொரு தேடலும் நடந்தது என்று ஒப்புக்கொண்டார். மே மாதக் கடைசியில் பதவி விலகுவதாக அறிவித்தார். அதற்கும் மின்னஞ்சல் விவகாரத்துக்கும் சம்பந்தமில்லை என்றும் சொன்னார்.

தேர்வு விவகாரம் வெடித்தபோது கல்லூரி மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னது நம்பிக்கையைப் பற்றி: கல்விச் சமூகம் நம்பிக்கையின்மேல் நிற்கிறது, அதை உடைத்துவிட்டீர்கள் என்று. சொன்ன சில வாரங்களில் தன் சொந்த டீன்களை நம்பாமல், அவர்களிடம் நேரே கேட்காமல், அவர்கள் அஞ்சல் பெட்டியில் தேடியது. வழிகாட்டல் என்பது இதுவும்தான். முதலாளி நம்பிக்கையைப் பற்றிப் பேசுவார், தேவைப்பட்டால் பின்பக்கமாக வருவார் என்பதை மாணவர்கள் இலவசமாகக் கற்றுக்கொண்டார்கள். வாசலில் மாட்டிய எந்த வாசகத்தை விடவும் இது நன்றாக மனதில் நின்றிருக்கும்.

நியாயமாகச் சொன்னால் இந்த இடத்தில் கல்லூரி சும்மா இருக்கவில்லை. வெளி வழக்கறிஞரை வைத்து விசாரித்து அறிக்கையை வெளியிட்டது. யாருடைய மின்னஞ்சலை யார் அனுமதியோடு எப்போது பார்க்கலாம், பார்த்தால் எப்போது சொல்ல வேண்டும் என்று பல்கலைக்கழகம் முழுமைக்கும் புது விதி 2014இல் வந்தது. மாணவரைத் திருத்தத் தொடங்கிய விவகாரத்தில் நிர்வாகம் தன்னைக் கட்டிக்கொண்டது.

எழுபத்திரண்டு மணி நேரம்

2014 மே மாதம் ஆசிரியர்கள் ஒரு நேர்மை விதித்தொகுப்புக்கு வாக்களித்தார்கள். ஹார்வர்ட் கல்லூரி வரலாற்றில் அதுவே முதல். 2015 இலையுதிர் பருவத்தில் நடைமுறைக்கு வந்தது. இதை 2011 தாளோடு வைத்துப் பார்த்தால் மாற்றம் தெரியும். எடுத்த மூலத்தைச் சரியாகக் குறிப்பிடுவது, தரவைத் திரிக்காமல் கையாள்வது, அடுத்தவர் பங்கை மறைக்காமல் சொல்வது என்று ஆய்வு வேலைக்குள் அடங்கும் விஷயங்களே இதில் உள்ளன. மாணவரிடம் கேட்பதும் இப்படி நினைக்கிறேன் என்ற சத்தியத்தை இல்லை, விதி எனக்குத் தெரியும் என்ற ஒப்புதலை. மீறல்களை விசாரிக்க மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்த குழு அமைந்தது. தீர்ப்புச் சொல்லும் இடத்தில் மாணவருக்கும் நாற்காலி.

இதற்குள் சிறியதாக இன்னொன்று நடந்தது. சிஎஸ்50 என்று உலகம் முழுக்கத் தெரிந்த ஹார்வர்டின் அறிமுகக் கணினிப் பாடத்தில், 2014 முதல் 'வருத்த விதி' என்று ஒன்றைச் சேர்த்தார்கள். நடுராத்திரி, அசைன்மென்ட் கெடு நெருங்குகிறது, நிரல் ஓடவில்லை, இணையத்தில் யாரோ எழுதியதை எடுத்து ஒட்டி அனுப்பிவிடுகிறார் ஒரு மாணவர். 72 மணி நேரத்துக்குள் தானே வந்து பாட ஆசிரியர்களிடம் சொன்னால், அந்த அசைன்மென்டில் மதிப்பெண் போகலாம், ஆனால் விஷயம் கல்லூரியின் ஒழுங்குக் குழுவுக்குப் போகாது. திரும்பத் திரும்பச் செய்தால் இந்தச் சலுகை இல்லை.

எது கூடும் எது கூடாது என்ற பட்டியலும் அந்தப் பாடத்தில் உண்டு. கணக்கைப் பற்றி நண்பனோடு பேச்சு மொழியில் பேசலாம். தவறு எங்கே என்று கண்டுபிடிக்க உன் நிரலை அவனிடம் காட்டலாம். உன்னுடையதை அனுப்பும் முன் அவன் விடையைக் கேட்டு வாங்கிப் பார்க்கக்கூடாது. நாடாளுமன்றப் பாடத்தில் இப்படி வரி வரியாக எழுதியிருந்தால் 2012 விசாரணை எவ்வளவு சுருங்கியிருக்கும் என்று தோன்றுகிறது.

இதனால் காப்பி ஒழிந்துவிடவில்லை. 2016 இலையுதிர்ப் பருவத்து சிஎஸ்50 மாணவர்களில் 60க்கும் மேற்பட்டோர் நேர்மைக் குழு முன் நின்றதாகக் கிரிம்சன் எழுதியது. என் கவனம் வேறொன்றில். தப்பு செய்த பிறகு மனிதன் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றி எல்லா ஒழுக்க நூல்களும் பேசுகின்றன, கல்லூரி விதிகள் பேசுவதில்லை. வருந்தித் திரும்பி வருகிறவருக்கு ஒரு வாசலும் அதற்கு ஒரு கெடுவும் வைத்த இந்தச் சின்ன விதி, அந்த ஒன்பது ஆண்டுகளில் ஹார்வர்டில் செய்யப்பட்ட சிறந்த ஒழுக்கக் கல்வி என்பது என் எண்ணம். அதைச் செய்தது டீன் அலுவலகம்கூட இல்லை, ஒரு பாடத்தின் ஆசிரியர்கள்.

கிளப்புகள்

இங்கேதான் கதை மறுபடி வளாகத்துக்கு வெளியே போகிறது. ஹார்வர்டைச் சுற்றி 'ஃபைனல் கிளப்' எனப்படும் பழைய ஆண்கள் சங்கங்கள் உண்டு. சொந்தக் கட்டடம், சொந்தப் பணம், அழைப்பு இருந்தால் மட்டும் உறுப்பினர். அவற்றில் போர்செல்லியன் 1791இல் தொடங்கியது. தியோடர் ரூஸ்வெல்ட் அதில் உறுப்பினர், பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 1984இல் பெண்களைச் சேருங்கள், இல்லையென்றால் எங்களோடு உறவு வேண்டாம் என்று கல்லூரி சொன்னபோது கிளப்புகள் உறவை அறுத்துக்கொண்டன. அதிலிருந்து அவை சட்டப்படி கல்லூரிக்கு வெளியே.

2016 மார்ச்சில் பாலியல் அத்துமீறல் பற்றி ஆராய்ந்த பல்கலைக்கழகக் குழு இந்தக் கிளப்புகளைக் கடுமையாகச் சாடியது. அதற்கு முந்தைய ஆண்டின் கணக்கெடுப்பில், இறுதியாண்டு மாணவிகளில் 31 சதவீதம் பேர் தங்கள் சம்மதமில்லாத பாலியல் தொடுதலுக்கோ அதற்கு மேலானதற்கோ ஆளானதாகச் சொல்லியிருந்தார்கள். ஃபைனல் கிளப் நிகழ்ச்சிகளோடு தொடர்புள்ள மாணவிகளிடையே அது 47 சதவீதம். அந்த ஒப்பீட்டை எப்படி வாசிப்பது என்பதில் சண்டை இருந்தது. 31 என்ற எண்ணே போதும், யாருக்கும் தூக்கம் வராது.

மே மாதம் பல்கலைக்கழகத் தலைவர் ட்ரூ ஃபாஸ்டும் டீன் ராகேஷ் குரானாவும் முடிவை அறிவித்தார்கள். 2017இல் சேரும் வகுப்பிலிருந்து, ஒரே பாலினத்தவர் மட்டும் உள்ள அங்கீகாரமில்லாத சங்கங்களில் சேருகிறவர் மாணவர் அமைப்புகளில் தலைமைப் பொறுப்பு வகிக்க முடியாது, விளையாட்டு அணிக்குத் தலைவராக முடியாது, ரோட்ஸ் போன்ற உதவித்தொகைகளுக்குக் கல்லூரியின் பரிந்துரை கிடைக்காது.

அறிவிப்பு வந்த சில நாட்களுக்குள் நூற்றுக்கணக்கான மாணவிகள் வளாகத்தில் கூடி எதிர்த்தார்கள். பெண்கள் மட்டும் உள்ள சங்கங்களும் இந்த விதிக்குள் வந்துவிட்டன. ஆண்களின் கிளப் இரவுகளிலிருந்து தப்பி நாங்கள் கூடும் இடத்தையே மூடுகிறீர்களே என்பது அவர்கள் கேள்வி. மூடவும் செய்தது. டெல்டா காமா என்ற பெண்கள் சங்கத்தின் ஹார்வர்ட் கிளை 2018இல் கலைந்தது, வேறு சில பெயரையும் விதியையும் மாற்றிக்கொண்டன. நூற்றாண்டுச் சொத்தும் பழைய மாணவர் பலமும் உள்ள போர்செல்லியன் அசையவில்லை. ஒழுக்கத்தைத் தண்டனையாக நீட்டும்போது அடி யார்மேல் விழுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். சொத்தில்லாதவர்மேல் விழுந்தது.

ஹாரி லூயிஸ் மறுபடி எழுந்தார். சட்டப்படியான ஒரு சங்கத்தில் சேர்ந்ததற்காக மாணவரைத் தண்டிக்கக் கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்தார். 2017 நவம்பரில் ஆசிரியர் கூட்டம் அதை 130க்கு 90 என்று நிராகரித்தது. அந்தப் பெரும்பான்மையின் வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அணித் தலைமையும் பரிந்துரையும் கல்லூரி தரும் கௌரவங்கள். பெண்கள் உள்ளே வரக்கூடாது என்று சொல்லும் இடத்தை விரும்பிப் போகிறவருக்குத் தன் பெயரைத் தருவதா என்று ஒரு கல்லூரி கேட்கக்கூடாதா? கேட்கலாம். ஆனால் அந்தக் கேள்வியைத் தனித்தனி ஆளிடம், அவர் செய்த காரியத்தை வைத்துக் கேட்டிருக்க வேண்டும். உறுப்பினர் என்ற ஒன்றே குற்றம் என்றானபோது, கல்லூரி 1913இன் பெரியாவுக்குத் திரும்பிவிட்டது. எதிரே இருக்கும் எந்தக் கதவுக்குள் நுழைகிறாய் என்று பார்த்து ஒழுக்கம் நிர்ணயிப்பது அது.

2018 டிசம்பரில் சங்கங்கள் நீதிமன்றம் போயின. அவர்கள் வாதம் எளிமையானது. ஆண்கள் சங்கத்தில் சேரும் ஓர் ஆணுக்குத் தண்டனை, அதே சங்கத்தில் ஒரு பெண் சேர்ந்தால் தண்டனை இல்லை. அப்படியென்றால் தண்டனை அவர் ஆண் என்பதால்தானே? 2019 ஆகஸ்டில் கூட்டாட்சி நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்ய மறுத்தார். 2020 ஜூனில் பாஸ்டாக் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஓரினச் சேர்க்கையாளரையும் மாற்றுப் பாலினத்தவரையும் அதற்காக வேலையை விட்டு நீக்குவது பாலினப் பாகுபாடே என்று தீர்ப்புச் சொன்னது. அந்தத் தர்க்கம் சங்கங்களின் வாதத்தோடு அப்படியே பொருந்தியது. அதே மாதக் கடைசியில், அப்போதைய தலைவர் லாரன்ஸ் பேக்கோ, வழக்கில் தோற்கும் வாய்ப்பே அதிகம் என்று சொல்லி விதியை வாபஸ் வாங்கினார். பாலினப் பாகுபாட்டை ஒழிக்கக் கொண்டுவந்த விதி, பாலினப் பாகுபாடு என்ற காரணத்தாலேயே விழுந்தது.

வேடிக்கை என்னவென்றால், விதி வருவதற்கு முன்பே காற்று மாறத் தொடங்கியிருந்தது. 2015 செப்டம்பரில் ஸ்பீ என்ற ஆண்கள் கிளப் தானாகவே பெண்களை அழைத்தது. உறுப்பினர்களே கேட்டுக் கொண்டுவந்த மாற்றம் அது.

சரி, 31 சதவீதம் என்ன ஆயிற்று? விதி நடப்பில் இருந்த 2019லேயே அந்தக் கணக்கெடுப்பை மறுபடி எடுத்தார்கள். மாணவிகள் சொன்ன அத்துமீறலின் அளவில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. எந்தச் சங்கத்தில் யார் உறுப்பினர் என்று மூன்று ஆண்டுகள் கல்லூரி மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, அந்த எண் இருந்த இடத்திலேயே இருந்தது.